நாற்பத்தொரு நன்றிகள்

ஜனவரி 9

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் எழுதாமல் விடுவதுதான் எப்போதும் பெரிய விஷயமாக இருக்கும்.

ஓர் உதவி வேண்டும் சித்தி. எங்கள் நிறுவனத்தில் சமூக சுகாதாரப் பிரிவுக்குத் தலைவர் பதவி காலியாகிறது. நான் விண்ணப்பிக்கப் போகிறேன். போட்டிக்கு இன்னொருவரும் இருக்கிறார். நாலு வார்த்தை பேசுவதற்குள் ரெண்டு தடவை மணி பார்ப்பார், அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கைக்கடிகாரம். கெட்ட மனிதரில்லை. ஆனால் சோதனைக் கூடத்தில் நடப்பதுதான் ஆராய்ச்சி, வீடு வீடாகப் போய்த் தாய்மார்களோடு பேசுவதெல்லாம் அரட்டை என்பது அவர் கட்சி. அவர் தலைவரானால் என் களப்பணிப் பெண்கள் ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இத்தனை வருடம் என்னோடு வெயிலில் நடந்தவர்கள். என் கவலை அதுதான்.

விண்ணப்பத்தில் நான் எழுதிய கட்டுரைகளின் பட்டியலைக் கேட்கிறார்கள். அது கையில் இருக்கிறது. கூடவே, அந்தக் கட்டுரைகளை வேறு யார் யார் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றும் கேட்கிறார்கள். எத்தனை பேர் நம்மைச் சொன்னார்களோ அத்தனை மதிப்பு. இதற்கென்றே மேற்கோள் அட்டவணை என்று வருடா வருடம் வருகிறது, ஒவ்வொன்றும் தலையணை கனம். அதை வாங்க எங்கள் நூலகத்துக்கு வக்கில்லை. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. என் பெயரைத் தேடினால் கீழே என் கட்டுரை இருக்கும், அதற்குக் கீழே அதைக் குறிப்பிட்டவர்களின் பெயரும் பத்திரிகையும் பக்கமும் இருக்கும். பார்த்து எழுதி அனுப்ப முடியுமா? காலம் பூராவும் டெலிபோன் டைரக்டரியோடு குடும்பம் நடத்தியவர் நீங்கள். உங்களை விட்டால் இதற்கு வேறு யார்?

முக்கியமானது உப்புக் கட்டுரைதான். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு வீட்டிலேயே உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீர் கொடுப்பார்களே, அதில் தாய்மார்கள் விரலால் கிள்ளிப் போடுகிற உப்பு எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் கிள்ளச் சொல்லி எடை போட்டோம். பெரும்பாலான கைகளுக்கு அளவு சரியாகத்தான் வருகிறது, அளவுக் கரண்டி தேடி நேரத்தை விடவேண்டாம் என்று எழுதினேன். உலகத்துக்கு நான் சொன்ன உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்


ஜனவரி 30

எலிக்குஞ்சுக்கு,

ஆசிகள். முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா?

நீ சொன்ன நூலகம் மூன்றாம் மாடியில். அங்கே ஒரு நூலகர். நாற்காலியை இழுத்தால் "உஷ்", மூக்கை உறிஞ்சினால் "உஷ்". நானும் அவருக்கு உஷ் என்றே பெயர் வைத்துவிட்டேன். முதல் நாள் முழுக்க எழுத்தே தெரியவில்லை, எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. நான் தாளை மூக்கோடு ஒட்டிக்கொண்டு படிப்பதைப் பார்த்து உஷ்ஷே ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்து வைத்தார். "அம்மா, எத வேணும்னாலும் பாருங்க, வாய்விட்டு மட்டும் படிக்காதீங்க" என்றார். நான் வாய்விட்டா படித்தேன்?

பட்டியல் இத்துடன் இருக்கிறது. உப்புக் கட்டுரையை மட்டும் நாற்பத்தொரு பேர் சொல்லியிருக்கிறார்கள் கண்ணு! நான் கேள்விப்படாத ஊர்கள். நான் ஆபரேட்டராக இருந்த டெலிபோன் போர்டிலேயே அந்த ஊர்களுக்கு ஓர் அழைப்பு வந்ததில்லை. மற்ற கட்டுரைகளுக்கு நாலு, ஆறு, ஒன்று என்று இருக்கிறது. கொசுவலைக் கட்டுரையை யாரும் சீந்தவில்லை. அதற்காக வருத்தப்படாதே.

நீ எழுதியதையும் அங்கேயே எடுத்துப் படித்தேன். பாதி புரிந்தது. அந்தப் பாதியைப் படித்துவிட்டுப் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். உஷ் வந்து "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார். அது கிடக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். இத்தனை பேர் உன் பெயரைச் சொல்லியிருக்கிறார்களே, நீ அவர்களுக்கு நன்றி எழுதினாயா?

நேரத்துக்குச் சாப்பிடு.

சித்தி


பிப்ரவரி 12

அன்புள்ள சித்திக்கு,

நலம், நாடுவதும் அதுவே. இருமல் போய்விட்டது, அவர் இப்போது என்னைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விடுகிறார்.

பட்டியலைப் பார்த்துவிட்டு என் களப்பணிப் பெண்கள் கைதட்டினார்கள். அவர்களில் மூத்தவளுக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு, உப்பை எடை போட்டதெல்லாம் அவள்தான். "நாப்பத்தொண்ணா! அதுல பாதி என் தராசுக்குத்தான்" என்றாள். உண்மைதான். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். நீங்கள் செய்த உதவிக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

மேற்கோள் காட்டியவர்களுக்கு நன்றி எழுதுகிற வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை சித்தி. ஒருவர் உழைப்பைப் பயன்படுத்தினால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும், அது கடமை. கடமைக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

அவசரத்தில் எழுதுகிறேன், வாசலில் ஜீப் நிற்கிறது.

அன்புடன்,
அக்கா மகள்


மார்ச் 5

எலிக்குஞ்சுக்கு,

ஆசிகள். நான் சௌக்கியம். வேலை முடிந்துவிட்டதே, இனி ஏன் மாடி ஏற வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் காலையில் குளித்து முடித்ததும் கால் தானாக அங்கே போகிறது. ஓய்வு பெற்ற பிறகு "எங்கே போகிறீர்கள்?" என்று என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள், நானும் "பல்கலைக்கழகத்துக்கு" என்கிறேன். அவள் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

கடமைக்கு நன்றி சொல்வார்களா என்று கேட்டிருந்தாய். ஆபரேட்டராக நான் கொடுத்த ஒவ்வொரு இணைப்பும் கடமைதான். ஆனாலும் பத்தில் ஒருவர் "தேங்க்ஸ்ம்மா" என்பார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நடையே வேறாக இருக்கும்.

வெளிநாட்டுக்கு எழுதுகிற ஏரோகிராம் தாள் வாங்கத் தபால் நிலையம் போக வேண்டும். கொஞ்சம் எழுத்து வேலை இருக்கிறது. நேர்காணல் தேதி வந்தால் எழுது.

சித்தி


ஏப்ரல் 18

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். சித்தி, என்ன செய்தீர்கள்?

இன்று காலை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு வெளிநாட்டுக் கடிதங்கள். "மேற்கோள் காட்டியதற்காக உங்கள் நிறுவனம் நன்றி அனுப்புகிற அருமையான பழக்கத்தைப் பாராட்டுகிறோம்" என்று ஒன்று. "அந்த அம்மையாரின் கடிதத்தைப் படித்து என் மனைவி அழுதுவிட்டார்" என்று இன்னொன்று. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பதவிக்கு மனு போட்டிருக்கிற நேரத்துல இதெல்லாம் யார் எழுதச் சொன்னது?" என்றார். இரண்டிலும் உங்கள் பெயர் இருக்கிறது.

எத்தனை பேருக்கு எழுதினீர்கள்? அந்தப் பட்டியலில் எட்டாவதாக ஒரு பேராசிரியர் இருக்கிறார். நாங்கள் அவரை உப்புப் பேராசிரியர் என்போம். விரலால் கிள்ளுவது ஆபத்து, உப்பு கூடிப்போனால் குழந்தைக்கே கேடு, இந்தக் கட்டுரை தாய்மார்களைத் தவறான வழியில் விடுகிறது என்று என்னை வறுத்தெடுத்தவர். அதுவும் மேற்கோள்தான் சித்தி! திட்டினாலும் அட்டவணையில் பெயர் வரும். அவருக்கும் நன்றி போயிருக்கிறதா?

வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், இனி யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள்


ஏப்ரல் 27

கண்ணுக்கு,

ஆசிகள். நாற்பத்தொரு பேருக்கும் எழுதினேன். எட்டாவது ஆளுக்கும்தான்.

திட்டினாலும் பெயர் வரும் என்று எனக்குத் தெரியாது. அட்டவணையில் பெயர் மட்டும்தானே இருக்கிறது, சிரித்துக்கொண்டு சொன்னாரா முறைத்துக்கொண்டு சொன்னாரா என்று இல்லையே. அந்தப் பத்திரிகைகளில் முக்கால்வாசி இந்த நூலகத்துக்கு வருவதில்லை. உன் பெயரைச் சொன்னவர்களெல்லாம் உனக்கு வேண்டியவர்கள் என்று நினைத்துவிட்டேன். யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று முகவரி கண்டுபிடித்துக் கொடுத்தது உஷ். அவரைத் திட்டாதே, பாவம்.

உன் பதவிக்காக எழுதவில்லை. பதவி என்ற சொல்லே அந்தக் கடிதத்தில் இல்லை. ஆபரேட்டர் வேலையில் கற்ற இங்கிலீஷில் நன்றி என்றுதான் எழுதினேன், வேறென்ன எழுதத் தெரியும் எனக்கு? அனுப்புநர் முகவரியில் நீ வேலை செய்யும் இடத்தின் பெயரைப் பெருமைக்காகப் போட்டேன். அது வினையாகிவிட்டது.

இனி எழுத மாட்டேன், இது சத்தியம். உனக்குக் கெடுதல் வந்துவிட்டதா? உள்ளதைச் சொல்.

சித்தி


மே 10

அன்புள்ள சித்திக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கெடுதல் ஒன்றுமில்லை. நேர்காணல் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, இங்கே எல்லாமே அப்படித்தான். நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாடிக் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து இன்னும் நன்றாக ஒழுகுகிறது. வீட்டுக்காரர் வாளி மாற்றுவதில் தேர்ந்துவிட்டார். தராசுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது.

நூலகத்துக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா மகள்


ஜூன் 28

எலிக்குஞ்சுக்கு,

ஆசிகள். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. நீ குழாயைப் பற்றி ஒரு கடிதம் முழுக்க எழுதினால் ஏதோ மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது கேட்கவே தேவையில்லாமல் போய்விட்டது.

உப்புப் பேராசிரியர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான் எழுதவில்லை, அவராகத்தான் எழுதினார். என் வீட்டு முகவரி நான் அனுப்பிய நன்றிக் கடிதத்தின் உள்ளே இருந்தது. உன் இயக்குநர் ஒரு விசாரணைக் குழு போட்டு, நாற்பத்தொரு பேரிடமும் "உங்களிடம் சிபாரிசு பண்ணி மேற்கோள் கேட்டார்களா?" என்று விசாரிக்கிறாராமே! உன் விண்ணப்பத்தை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாமே! இதுதான் "கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது" என்பதா? என்னை நோகடிக்கக் கூடாது என்று நீ மட்டும் சுமந்திருக்கிறாய். இந்த வயதில் இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்திருக்கிறாளே என்று அன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டேன்.

குழுவுக்கு அவர் எழுதியதன் நகலை எனக்கும் அனுப்பியிருக்கிறார். உஷ்ஷும் நானும் உட்கார்ந்து தமிழாக்கினோம்: "என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் இந்தக் கட்டுரையை எதிர்த்து எழுதியவன். எதிர்த்ததற்கு எனக்கு நன்றி வந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து எனக்கு வந்த ஒரே நன்றிக் கடிதம் அது. அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். குழு முழுமையாகப் படிக்க வேண்டும்."

முழுமையாகப் படிப்பார்கள் என்பதுதான் இப்போது என் கவலை. அந்தக் கடிதத்தில் உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லச் சுலபமாக இருந்தது, அவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள் என்ற தைரியம். நீ அதைக் கேட்க நேர்ந்தால் உன் அம்மாவிடம் மட்டும் சொல்லாதே.

நான் வந்து குழுவின் முன் நிற்கட்டுமா? முழங்காலைக் காரணம் காட்டாதே.

சித்தி


ஜூலை 21

என் சித்திக்கு,

வணக்கம், வணக்கம், ஆயிரம் வணக்கம். நீங்கள் வரத் தேவையில்லை. குழு நேற்றுக் கூடியது.

போட்டியாளருக்குப் புகார் இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்று என்னையும் கைக்கடிகாரத்தையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். இயக்குநர் உங்கள் கடிதத்தைக் கையில் எடுத்தார். வேகமாகத்தான் படிக்க ஆரம்பித்தார். போகப்போக மெதுவாகிவிட்டார். அதை நான் தமிழில் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

"வணக்கம். நான் ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். என் அக்கா மகளுடைய கட்டுரையை உங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறீர்கள் என்று நூலகத்தில் பார்த்தேன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வயிற்றுப்போக்கு வந்து எலிக்குஞ்சு மாதிரி ஆகிவிட்டாள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், கொடுக்காதே என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று நான் வேலையில் இருந்தபோது ஒரு மருத்துவர் தூரத்து ஊரில் இருந்த இன்னொரு மருத்துவரைக் கூப்பிட்டார். இணைப்பு கொடுத்த பிறகு நான் கேட்கக் கூடாது. கேட்டேன். கொதித்து ஆறிய தண்ணீர், சர்க்கரை, உப்பு, உப்பு கண்ணீரை விடத் தூக்கலாக இருக்கக் கூடாது, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு, வாந்தி எடுத்தாலும் நிறுத்தாதே என்றார் அவர். வீட்டுக்கு ஓடிப்போய் அப்படியே செய்தேன். குழந்தை பிழைத்தது. யார் சொல்லிச் செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் ஒட்டுக்கேட்டது வெளியே வரும், வேலை போகும். ஒருவர் சொன்னதை எடுத்துக்கொண்டு அவரைச் சொல்லாமல் விட்டால் எப்படி உறுத்தும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், சொல்லவும் செய்தீர்கள். அவளைக் குறிப்பிட்டதற்கு நன்றி. பதில் எழுத வேண்டியதில்லை."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து நீங்கள் என்னை எலிக்குஞ்சு என்றுதான் கூப்பிடுகிறீர்கள். நான் ஒல்லியாக இருந்ததற்குக் கேலி என்று நினைத்து, பள்ளிக்கூட வயதில் உங்களோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

முதலில் வாயைத் திறந்தது கைக்கடிகாரம். வழக்கம்போல மணியைப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷங்க. மேற்கோள் காட்டின கட்டுரையெல்லாம் எப்ப அச்சாச்சு? போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம். இந்தம்மா லெட்டர் போட்டது இந்த மார்ச்சுல. முடிஞ்சுபோன காரியத்துக்குப் பின்னாடி வந்து எப்படிங்க சிபாரிசு பண்ணி மேற்கோள் வாங்க முடியும்? நேரம்தான் வீணாகுது" என்றார். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்? இயக்குநர் கோப்பை மூடிவிட்டார். நேர்காணல் அடுத்த மாதம். வெளியே வந்ததும் கைக்கடிகாரத்துக்கு நன்றி சொன்னேன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு மணி பார்த்தார்.

உப்புப் பேராசிரியர் எனக்கும் தனியாக எழுதியிருக்கிறார். "உங்கள் சித்தி கடிதத்தில் கண்ணீர் என்று ஒரு சொல் இருக்கிறது. உங்கள் தாய்மார்கள் கொடுப்பதற்கு முன் ருசி பார்த்தார்களா?" என்று கேட்கிறார். பார்த்தார்கள் சித்தி! அதற்கு எங்கள் தாளில் ஒரு கட்டமே உண்டு. தராசு ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக் குறித்திருக்கிறாள். உப்பு தூக்கல் என்று தெரிந்தால் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். நான்தான் அந்தக் கட்டத்தைக் கணக்கில் எடுக்கவேயில்லை. இப்போது இருவரும் சேர்ந்து பார்க்கப் போகிறோம்.

அந்த மருத்துவர் யார்? எனக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள். இந்த ஒரு தடவை எதையும் எழுதாமல் விடாதீர்கள்.

உங்கள்
எலிக்குஞ்சு


ஆகஸ்ட் 2

எலிக்குஞ்சுக்கு,

ஆசிகள். முழங்காலில் வீக்கம் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். எதையும் விடாதே என்றாயே, அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

அவர் யார் என்று எனக்குத் தெரியாது கண்ணு. ஜலதோஷம் பிடித்த குரல். நடுநடுவே தும்மினார், தும்மிவிட்டு "மன்னிச்சுக்குங்க" என்றார். மறுமுனையில் இருந்தவர் சின்ன வயது போல, நரம்பில் ஏற்றுகிற பாட்டில் மருந்து தீர்ந்துவிட்டதென்று பதறிக்கொண்டிருந்தார். "பாட்டிலுக்காகக் காத்திருக்காதே, அடுப்படிக்குப் போ" என்றார் இவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தேன். அன்று காலையில் உன்னைத் தூக்கியபோது உனக்கு அழக்கூடத் தெம்பில்லை. முனகினாலும் கண்ணீர் வரவில்லை.

மேலதிகாரியிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். உன் அம்மாவைக் குளிக்க அனுப்பினேன். எத்தனை நாளாகக் குளிக்கவில்லையோ, போ என்று விரட்டினேன். அவள் போனதும் கலக்கினேன். சரியான உப்பு எது என்று தெரியவில்லை. என் கன்னத்தில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தேன், பிறகு டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். அளவுக் கருவி கைவசமே இருந்தது என்று வைத்துக்கொள். சாயங்காலத்துக்குள் உனக்கு மூத்திரம் வந்தது. ஒரு குழந்தை மடியை நனைத்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

உன் அம்மா முந்தின நாள் யாரிடமோ ஒரு பொடி வாங்கி உன் நெற்றியில் பூசியிருந்தாள். அந்தப் பொடிதான் காப்பாற்றியது என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள். சொல்லட்டும், விடு. அதற்காகத்தான் அவளிடம் சொல்லாதே என்றேன்.

வெளியூர் டெலிபோன் கால் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதுவோம், அதில் எண் இருக்கும். இரண்டு நாள் கழித்து அதைத் தேடிப் போனேன். கட்டுக் கட்டி அனுப்பிவிட்டார்கள். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு தும்முகிறவர் யார் பேசினாலும் ஒரு நொடி அதிகமாகக் காது கொடுப்பேன். அவர் இல்லை.

உன் கட்டுரையை நூலகத்தில் படித்த அன்று, அவர் சொன்னதையே நீ சொல்லியிருப்பதைப் பார்த்தேன். உனக்கு யாரும் சொல்லாமலே அதற்கு வந்து சேர்ந்திருக்கிறாய். அவருக்குச் சொல்ல முடியாத நன்றியை யாருக்காவது சொல்லித் தீர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அது உன் தலையில் விடிய இருந்தது. பிழைத்தோம்.

நேர்காணலுக்கு அந்த நீலப் புடவையைக் கட்டாதே, உன்னை விட அதற்கு வயசு அதிகம்.

சித்தி


டிசம்பர் 6

என் சித்திக்கு,

வணக்கம். முழங்கால் டாக்டர் சொன்னபடி நடக்கிறீர்களா, உங்கள் இஷ்டப்படி நடக்கிறீர்களா?

பதவி எனக்குத்தான்! உத்தரவு வந்ததும் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். அம்மாவுக்குக்கூட நாளைக்குத்தான். ஆறு பெண்களும் இருக்கிறார்கள். தராசு என் அறைக்கு வந்து, நாற்காலியை ஒரு தடவை தூக்கிப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு, பாத்து உக்காருங்க" என்றாள். நீலப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன், மன்னிக்க வேண்டும்.

பேராசிரியரும் நானும் எழுதிய கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர் இன்னும் பாதி விஷயத்தில் என்னோடு ஒத்துப்போகவில்லை, அதையும் உள்ளேயே எழுதியிருக்கிறோம். முதல் பெயர் என்னுடையது, தராசின் பெயரும் ஆசிரியர் வரிசையில் உண்டு. கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலில் ஒரே ஒரு வரிக்காகப் பத்திரிகைக்காரர்களோடு பெரிய மல்லுக்கட்டு. "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டார்கள். "முதல் ஆசிரியர் உயிரோடு இருக்கிறாரே, அதுதான்" என்று பேராசிரியர் பதில் எழுதிவிட்டார். எந்த வரி என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருட அட்டவணை வந்ததும் நூலகத்துக்குப் போங்கள். என் பெயரில் தேடாதீர்கள். பெயரில்லாதவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு, அங்கே பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் எலிக்குஞ்சு


அடுத்த ஆண்டு, செப்டம்பர் 14

எலிக்குஞ்சுக்கு,

ஆசிகள். நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் உட்பட.

அட்டவணை வந்துவிட்டது என்று உஷ் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். போனேன். பெயரில்லாதவர்கள் அத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, பத்தி பத்தியாகப் போகிறது. பூதக்கண்ணாடியை உஷ் பிடித்துக்கொண்டார், நான் விரலை வைத்துக்கொண்டு போனேன். கண்டுபிடித்தது அவர்தான். "பெயர் தெரியாத மருத்துவர், தொலைபேசி உரையாடல்." அதன் கீழே ஒரே ஒரு வரி, உன் பெயர், பத்திரிகை, பக்கம். அதை நான் வாய்விட்டுப் படித்தேன். சத்தமாகவே படித்தேன். நூலகமே திரும்பிப் பார்த்தது. உஷ் அன்றைக்கு "உஷ்" சொல்லவில்லை.

அந்த மனிதருக்கு இத்தனை காலம் கழித்து அவரைக் குறிப்பிட ஒருவர் கிடைத்திருக்கிறார். இதைச் சும்மா விடக் கூடாது. யாருக்கும் எழுத மாட்டேன் என்று உனக்குச் செய்த சத்தியத்தை இந்த ஒரு தடவை மீறுகிறேன். கீழே உள்ளதைத் தனிக் கடிதமாக எடுத்துக்கொள்.

சித்தி


செப்டம்பர் 14

மதிப்புக்குரிய பிரிவுத் தலைவருக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். எனக்கு மிகவும் வேண்டிய ஒரு மருத்துவரை உங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறீர்கள் என்று நூலகத்தில் பார்த்தேன். அவருக்கு இது தெரிய வழியில்லை, அதனால் அவர் சார்பில் நான் எழுதுகிறேன்.

அவரைக் குறிப்பிட்டதற்கு நன்றி. பதில் எழுத வேண்டியதில்லை.